டப்பாவில் வந்த எலுமிச்சை

வண்டி வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. மாமரத்தடியில் மூன்று பெண்களும் கூரைக்கீற்று தைத்துக்கொண்டிருந்தார்கள். உலர்ந்த தென்னை ஓலையைக் குச்சியின் மேல் மடித்து, நாரால் இறுக்கி, அடுத்த ஓலையை எடுக்க வேண்டும். கடற்கரை விடுதிக்காரன் சனிக்கிழமைக்குள் கேட்டிருந்தான். வெயிலுக்காகத் தலைக்கு மேலே கட்டியிருந்த துணி மொம்பாசா நகரில் நடந்த பயிற்சியில் கொடுத்தது. அதில் 'நம் பிள்ளைகள், நம் பொறுப்பு' என்ற எழுத்துகள் வெளுத்துப்போயிருந்தன.

அந்தப் பயிற்சிக்குப் பிறகுதான் கீற்று தைக்கும் சங்கம் ஊரின் அமைதிக் குழுவாகவும் ஆனது. ரிஸிக்கி அதற்குத் தலைவி. சோமாலியாவுக்குப் போய் ஆயுதக் குழுவில் சேர்ந்து, பிறகு ஓடிவந்து ஒளிந்திருக்கும் பையன்களைச் சரணடையச் சொல்லித் தாய்மாரிடம் பேசுவது குழுவின் வேலை. மன்னிப்பு உண்டு, மறுவாழ்வு மையத்தில் தொழில் கற்றுத்தருவார்கள் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். முதலில் சரணடைந்து போனவன் மேஜுமாவின் மகன் ஹமாதி. இன்று வண்டி வந்து ஏற்றிப்போகப்போவது நிமசிதியின் மகன் கொம்போவை. அவன் வீட்டுக்குப் பின்னால் குளிக்கும் சத்தம் கேட்டது.

நிமசிதி ஒரே ஓலையை இரண்டு முறை பிரித்துத் தைத்தாள். அடிக்க மாட்டார்களே என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மேஜுமா சிரித்தாள்.

"அடிக்கிறதா? ஊட்டிவிடாத குறைதான். வெள்ளிக்கிழமை தவறாம தேங்காய்ப்பால் சோறும் மீனும் குடுத்தனுப்புறேன். மீன் தலையத் தொடாத பய, இப்ப முள்ளுகூட மிச்சம் வைக்கிறதில்ல."

முதல் மூன்று மாதம் சொந்தக்காரர்கள் வரக்கூடாது என்பது மையத்தின் விதி. குழுத் தலைவி போகலாம். அதனால் ரிஸிக்கிதான் படகேறிப் போய் சோற்று டப்பாவைக் கொடுத்து வந்தாள்.

மேஜுமா எழுந்துபோய் அந்த டப்பாவை எடுத்துவந்தாள். முதல் வாரம் அது வெறுமையாகத் திரும்பியபோது அவளுக்குக் கோபம் வந்திருந்தது. அந்த ஊரில் யாரும் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புவதில்லை. ஒரு பிடி உப்பாவது போட்டுத்தான் தருவார்கள். அப்படித்தானே வளர்த்தேன் என்று ரிஸிக்கியிடம் புலம்பினாள். அடுத்த வாரம் டப்பாவுக்குள் இரண்டு எலுமிச்சை இருந்தன. அவற்றை அவள் பிழியவில்லை; சோறு அனுப்பாத நாட்களில் டப்பாவிலேயே போட்டுவைத்தாள். இப்போது காய்ந்து கல்லாகி உள்ளே உருண்டன.

"பாத்தியா கொம்போவம்மா. அடைச்சு வச்ச பையனுக்கு எலுமிச்சை எங்கேர்ந்து வரும்? மரம் இருக்கு. வெளிய விடுறாங்க. பறிக்கிறான்."

நிமசிதி ஒன்றை வாங்கி முகர்ந்து பார்த்தாள். தன் பிள்ளைக்கும் சோறு கொண்டுபோக முடியுமா என்று ரிஸிக்கியிடம் கேட்டாள்.

ரிஸிக்கி நாரைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தாள். பயிற்சி கொடுத்த அமைப்பின் ஆள் காலையில் தொலைபேசியில் பேசியிருந்தார். இன்று வாயைத் திறக்காதே, ஒருவன் விஷயம் வெளியே போனால் மிச்சப் பையன்களும் காட்டுக்கே திரும்பிவிடுவார்கள் என்றார். அவர் சொன்னதிலும் தவறில்லை. ரிஸிக்கி சரி என்றுதான் சொன்னாள்.

வெயில் சாய்ந்தபோது இருபது கீற்றுகள் அடுக்கில் சேர்ந்திருந்தன. கொம்போ இஸ்திரி போட்ட சட்டையில் வெளியே வந்தான். புதுமாப்பிள்ளை என்று மேஜுமா கேலி செய்தாள். அவன் சிரிக்கவில்லை. தன் கால்களைப் பார்த்தபடி ரிஸிக்கியிடம் கேட்டான்.

"செருப்பு போட்டுக்கவா பெரியம்மா, இல்ல அங்க கழட்டி வாங்கிக்குவாங்களா?"

முந்திரிமரங்களுக்கு அப்பால் வண்டியின் சத்தம் கேட்டது. நிமசிதி எழுந்து மகனின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். எலுமிச்சை இன்னும் அவள் கையில் இருந்தது.

"அது நான் வாங்கிப் போட்டது, மேஜுமா," என்றாள் ரிஸிக்கி. "படகுத்துறையில. சோத்தையெல்லாம் அங்க உக்காந்திருக்கிற கண்ணு தெரியாதவருக்குப் போட்டேன்."

மேஜுமா டப்பாவைக் கீழே வைத்தாள்.

"ஹமாதி அந்த மையத்துல இல்ல. நான் போன முதல் வெள்ளிக்கிழமையே இல்ல. இங்கேர்ந்து ஏத்திட்டுப் போன வண்டி அங்க வந்து சேரவே இல்லையாம்."