அய்யலூரில் ஆடுகள் படுத்த வியாழக்கிழமைகள்

1993ஆம் ஆண்டு ஆடி மாதத்து இரண்டாவது வியாழக்கிழமை, காலை ஏழேகால் மணிக்கு, அய்யலூர்ச் சந்தையில் நின்றிருந்த ஆடுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் முன்னங்கால்களை மடக்கிப் படுத்தன. செம்மறியும் படுத்தது, வெள்ளாடும் படுத்தது. லாரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவை பலகையிலேயே படுத்துவிட்டன. வெளியே கறிக்கடையில் தொங்கிய ஒன்று மட்டும் எதுவும் செய்யவில்லை. சந்தையின் இரைச்சல் அடங்கி, சாலையில் திருச்சி பஸ் போகும் சத்தம் தெளிவாகக் கேட்டது. ஆடுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. அங்கே ஒச்சம்மாள் நின்றாள். வடமதுரைக்கு மேற்கே ஒரு கிராமத்துக்காரி, வயது முப்பத்திரண்டு, பல்லைப் பார்த்து ஆட்டின் வயதையும், வயிற்றைத் தடவிச் சினையையும் சொல்வதில் அவளை மிஞ்ச அந்தச் சந்தையில் ஆள் கிடையாது. அவளுக்கு மட்டும் சிறுமலை வாழைப்பழம் கனிந்த வாசனை வந்தது. வெளிச்சம் சீம்பால் போலத் திரண்டது. யாரோ வெகு தொலைவிலிருந்து தன் பெயரைச் சொல்வதுபோல இருந்தது. பிறகு விழுந்தாள். கணவன் பொம்மையன் ஓடிவந்து சாவிக்கொத்தை அவள் கைக்குள் திணித்தான், நாலு பேர் கைகால்களை அமுக்கிப் பிடித்தார்கள். இரண்டு நிமிடத்தில் வலிப்பு நின்றது. அவள் கண் திறந்ததும் ஆடுகள் எழுந்தன, விலை பேசுவது விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

வலிப்பு அவளுக்குப் பத்தொன்பது வயதிலிருந்தே உண்டு. கல்யாணத்தின்போது மறைத்தார்கள், இரண்டாவது மாதம் பொம்மையனுக்குத் தெரிந்துபோனது, அவன் யாரிடமும் சொல்லவில்லை, அவளையும் விடவில்லை. அதுவரை சந்தைக்கு வரும் வழியிலேயே வந்து அடங்கியதால் மூடிவைக்க முடிந்ததை ஆடுகள் ஊரறியச் செய்துவிட்டன. அன்று முதல் அவளுக்கு வரும்போதெல்லாம், வருவதற்குச் செத்த நேரம் முன்னால், சுற்றுவட்டாரத்து ஆடுகள் படுத்தன. சந்தையைக் குத்தகைக்கு எடுத்திருந்த பேச்சிமுத்து நாலு வியாழக்கிழமை பொறுத்துப் பார்த்தார். பிறகு அவளைக் கூப்பிட்டார். "ஆடு படுத்தா, வாங்க வந்தவன் நோவு விழுந்த ஆடுன்னு நெனச்சுக் கெளம்பிப் போயிர்றான் தாயி. இனிமே நீ உள்ள வராத. ஒம்புருசன் வரட்டும்." பொம்மையன் நல்லவன்தான். ஆனால் மலடு எது, சினை எது என்று அவனுக்குத் தெரியாது. அதனால் ஒச்சம்மாள் சந்தைச் சுவருக்கு வெளியே உட்கார்ந்திருப்பாள். அவன் ஒவ்வோர் ஆடாக இழுத்துவந்து காட்டுவான். அவள் தலையசைத்தால் வாங்குவான். இப்படி இரண்டு வருடம் போயிற்று. சுவருக்கு வெளியே அவள் விழுந்தாலும் உள்ளே ஆடுகள் படுக்கத்தான் செய்தன.

1995இல் திண்டுக்கல்லில் மாதம் ஒரு சனிக்கிழமை வலிப்புக்காரர்களுக்கு முகாம் நடத்தத் தொடங்கினார்கள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரையை எடுத்துக் கொடுத்த நர்ஸ் கமர்ஜஹான், பேசுவதைவிட அதிகமாகக் கேட்டுக்கொண்டிருப்பவர். மூன்று மாதம் ஆடுகள் நின்றபடியே இருந்தன. தனக்குக் குணமாகிவிட்டது என்று ஒச்சம்மாள் மாத்திரையை நிறுத்தினாள். எட்டாம் நாள் தொழுவத்து ஆடுகள் படுத்தபோது அவள் அடுப்படியில் இருந்தாள். இடது கை முழங்கை வரை வெந்துபோனது.

அடுத்த முகாமுக்குக் கட்டோடு போனாள். திட்டுவார்கள் என்று நினைத்து, கேட்பதற்கு முன்பே அழுதாள். கமர்ஜஹான் திட்டவில்லை. "ஏங்க்கா நிறுத்துனீங்க? எனக்காகச் சொல்ல வேணாம். உள்ளதச் சொல்லுங்க."

"குணமாயிருச்சுன்னு நெனச்சேன். அதோட, பகலெல்லாம் தூக்கமா வருது நர்ஸம்மா. பல்லு ரெண்டு ரெண்டாத் தெரியுது. ஆட்டப் பாக்கத் தெரியாம நான் இருந்து என்ன செய்ய?"

கமர்ஜஹான் அவளை டாக்டரிடம் அழைத்துப்போய் அதையே மறுபடியும் சொல்லவைத்தார். டாக்டர் மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றி எழுதினார். திடீரென்று நிறுத்துவதுதான் ஆபத்து என்றும், நிறுத்தத் தோன்றினால் முதலில் வந்து சொல்லும்படியும் சொன்னார். கிளம்பும்போது கமர்ஜஹான் ஒரு மாதக் காலண்டரைக் கொடுத்தார். ஒச்சம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு புள்ளி, விழுந்த நாளுக்கு ஓர் ஆடு என்று இருவரும் பேசிவைத்துக்கொண்டார்கள்.

ஒச்சம்மாள் கரித்துண்டால் வரைந்த ஆடுகள் உயிருள்ளவைபோல இருந்தன. அவற்றில் ஒன்று சுவரில் இறங்கி மேய்ந்துவிட்டு விடிவதற்குள் தன் கட்டத்துக்குத் திரும்பியதைப் பொம்மையன் பார்த்திருக்கிறான். ஆறு மாதம் கழித்து ஒரு மத்தியானம் அந்தத் தாள்களைத் தரையில் பரப்பி வெகுநேரம் உட்கார்ந்திருந்தவள், கணவனைக் கூப்பிட்டாள். "இங்க பாருங்க. எல்லா ஆடும் ஒரே வரிசையில நிக்குது." அது வியாழக்கிழமை வரிசை. புதன்கிழமை ராத்திரி முழுக்கக் கண் விழித்து ஆட்டை ஓட்டிக்கொண்டு அய்யலூருக்கு நடப்பதும், மறுநாள் காலை விழுவதும் பதினான்கு வருடமாக நடந்துவந்தது. அதை அவளே கண்டுபிடித்தாள். தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் என்று கமர்ஜஹான் பொதுவாகச் சொல்லியிருந்தார்தான்; ஆனால் எந்தத் தூக்கம் என்று கரி ஆடுகள்தான் காட்டின. பொம்மையன் தலையைச் சொறிந்துவிட்டு, "அப்ப நான் ஓட்டிட்டுப் போறேன். நீ தூங்கி எந்திரிச்சு மொத பஸ்ல வா" என்றான். அவர்கள் வாழ்க்கையில் எடுத்த முடிவுகளிலேயே பெரியது அந்த ஒரு வரியில் முடிந்தது.

1997 தை மாதத்தில், கடைசியாக வலிப்பு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தபோது, ஒச்சம்மாள் முதல் பஸ்ஸில் இறங்கி நேராகச் சந்தைக்குள் நடந்தாள். என்ன பேசுவது என்று முகாமில் கமர்ஜஹானோடு நாலு தடவை பேசிப் பார்த்திருந்தாள். லாரிப் பலகையின் மேல் ஏறி நின்றபோது நாலும் மறந்துவிட்டது. "ஆடு படுத்தா நோவு இல்ல" என்று கத்தினாள். "எனக்கு வலிப்பு வரப் போகுதுன்னு அர்த்தம். யாரும் என்னய அமுக்காதீங்க. சாவி, இரும்பு எதுவும் குடுக்காதீங்க. வாயில எதயும் வைக்காதீங்க. தலைக்கு ஒரு துண்ட மடிச்சு வச்சு, அடங்குனதும் ஒருக்களிச்சுப் படுக்க விடுங்க. கடிகாரத்தப் பாருங்க. அஞ்சு நிமிசம் தாண்டுனா ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க. அம்புட்டுத்தான். மத்த நேரம் ஆட்டப் பாருங்க, என்னயப் பாக்காதீங்க." பேச்சிமுத்து வெற்றிலையைத் துப்பிவிட்டு, "சாக்கு ஒண்ணு எடுத்து வையிங்கலே அந்த வேப்ப மரத்தடியில" என்றார்.

அடுத்த சில வருடங்களில் அந்தச் சாக்கு அவளுக்கு ஐந்து முறைதான் தேவைப்பட்டது. ஆடுகள் படுக்கத் தொடங்கினால் அவள் கையிலிருந்த கயிற்றைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு, அவசரப்படாமல் நடந்துபோய்ப் படுத்துக்கொள்வாள். வியாபாரிகள் கடிகாரத்தைப் பார்த்தபடி விலை பேசுவார்கள். ஐந்தாவது முறை 2003இல். பிறகு ஆடுகள் நின்றுகொண்டே இருந்தன. ஒச்சம்மாள் மாத்திரையை விடவில்லை.

2006 புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை, ஆடுகள் மறுபடியும் படுத்தன. ஒச்சம்மாள் பழக்கத்தில் சாக்கில் போய் உட்கார்ந்து வாழைப்பழ வாசனைக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. வெளிச்சம் வெளிச்சமாகவே இருந்தது. அப்போதுதான் ஆடுகள் தன்னைப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தாள். அவை டீக்கடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. படுத்திருந்த முதுகுகளைத் தாண்டித் தாண்டி ஓடினாள். டீ கிளாஸோடு நின்றிருந்தவர் திண்டுக்கல்லில் கறிக்கடை வைத்திருந்த இருதயநாதன், ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆறடி மனிதர். அவர் விழுவதற்குள் ஒச்சம்மாளின் துண்டு அவர் தலைக்குக் கீழே போய்விட்டது.

ஒன்றரை நிமிடத்தில் அடங்கியது. அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழுத் தெளிவு வரும்வரை பக்கத்திலேயே இருந்தாள். எழுந்து உட்கார்ந்ததும் அவர் முதலில் சட்டையைத் தட்டினார், பிறகு யார் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்தார். யாரும் பார்க்கவில்லை.

"ஒண்ணுமில்லம்மா. காலையில சாப்பிடல, அதான்."

"சரிண்ணே" என்றாள் ஒச்சம்மாள். "எத்தன நாளாச் சாப்பிடல?"

ஆடுகள் ஒவ்வொன்றாக எழத் தொடங்கின.

"எட்டு வருசமா" என்றார்.

அவள் இன்னொரு டீ சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அன்று அவள் ஆடு எதுவும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அய்யலூரில் ஆடுகள் படுத்தால், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. யாருக்கு என்றுதான் கேட்கிறார்கள்.