ஏழாம் பக்கத்து முகம்

படத்துக்கு ஆள் தேடி நுஹாத் எங்கே போவாள்? அந்த வருஷம் பாக்தாத்தில் ரொட்டி வாங்கப் போனவன் வீடு திரும்பினால்தான் நிச்சயம். அதனால் தெரிந்த முகங்களையே வரைந்து வைத்தாள். குழந்தைகள் பத்திரிகைக்கு எட்டுப் பக்கப் பாட்டு. நாடு ஒன்று, நாம் பலர் என்று போகும். தலைப்பாகை கட்டிய குர்துக்காரருக்குப் பால்காரர் முகம். சதுப்புநிலத்து எருமைக்காரிக்கு எதிர்வீட்டுக்காரி முகம். ஏழாம் பக்கத்தில் இரண்டு பேர் தோளோடு தோள் நின்று தொழுகிறார்கள். கையைத் தொங்கவிட்டுத் தொழும் ஷியாவுக்கு அவள் தம்பியின் முகம். கையைக் கட்டித் தொழும் சுன்னிக்கு அவள் கணவன் பக்ரின் முகம், தாடியில் விழுந்த நரைத்திட்டு உட்பட.

அந்த பக்ரின் சட்டைப்பையில் இப்போது இருப்பது ஜவாத் என்ற ஷியாப் பெயரில் வாங்கிய போலி அட்டை. படங்களைக் கொடுக்க இருவரும் காரில் போய்க்கொண்டிருந்த அச்சகம் ஷியாப் பேட்டைக்குள் இருந்தது. பக்ர் என்ற சுன்னிப் பெயரோடு அங்கே போனவர்களைப் பிறகு ஆற்றில்தான் தேடினார்கள்.

நேற்றுவரை அச்சகத்துக்குப் போகும் திருப்பத்தில் சோதனைச்சாவடி கிடையாது. இன்று உச்சிவெயிலில் எண்ணெய்ப் பீப்பாய்களை உருட்டிவிட்டுக் ஷியா ஆயுதக்குழுவின் கறுப்புச் சட்டைக்காரர்கள் நின்றார்கள். முன்னால் ஆறு கார்கள் இருந்தன.

"பேரு என்ன, சொல்லுங்க ரீம் அப்பா," என்று மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நுஹாத் மறுபடி ஒத்திகை பார்த்தாள்.

"ஜவாத். எத்தன தடவ கேப்ப? பொண்ணு கேட்டு வந்தப்ப உங்கப்பாகூட இவ்ளோ கேள்வி கேக்கல."

கேலி என்னவோ பழைய கேலிதான். ஸ்டியரிங்கில் அவன் கை வியர்த்து வழுக்கியது.

அப்போதுதான் மடியில் இருந்த படங்கள் அவள் நினைவுக்கு வந்தன. வண்டியைத் திருப்பினால் சுட்டுவிடுவார்கள்.

"உங்கள வரைஞ்சு வச்சிருக்கேன்," என்றாள். "கை கட்டித் தொழுற மாதிரி."

"தாடியோடவா?"

"தாடியோட."

கெட்டித் தாள். கிழித்தாலும் ஒளிக்க இடமில்லை. கட்டிய கைகள் கறுப்பு மையில் போட்ட கோடு, என்ன தேய்த்தாலும் போகாது. முகம் மட்டும் நீர்வண்ணம். நுஹாத் குனிந்து, விரலை நாக்கில் நனைத்துக் கணவனின் கன்னத்தைத் தேய்த்தாள். பிறகு மூக்கை. பிறகு கண்ணை. எச்சில் வற்றிப்போகும் என்று பயந்தாள். கடைசியில் நரைத்திட்டும் போய்விட்டது. வாயெல்லாம் வண்ணம் கசந்தது. பாவி, இதைச் செய்ய என் கையா கிடைத்தது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவர்கள் முறை வந்தது. இருபத்தைந்து வயதுக்காரன், காலில் ரப்பர் செருப்பு, தோளில் துப்பாக்கி. அட்டையைப் பார்த்தான், பக்ரைப் பார்த்தான், மறுபடி அட்டையைப் பார்த்தான்.

"மடில என்னக்கா?"

"புள்ளைங்க பாட்டுப் புத்தகம் தம்பி. படம் போட்டிருக்கேன்."

"குடு பாப்போம்." ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, ராகம் போட்டே படித்தான். "ஆளுக்கு ஒரு படகு உண்டு, ஆறு மட்டும் ஒண்ணு... நல்லாருக்கே. எம்பொண்ணு பாடுவா."

ஏழாம் பக்கத்தில் ராகம் நின்றது.

"இவனுக்கு ஏன் மூஞ்சி இல்ல?"

"இன்னும் முடிக்கல தம்பி."

அவன் விரல் அந்தக் கட்டிய கைகளின் மேல் போய் நின்றது. பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. அவன் சிரித்தான்.

"அப்படியே விடுங்கக்கா. இவனுங்களுக்கெல்லாம் மூஞ்சி எதுக்கு?" ஜன்னலில் குனிந்து பக்ரின் தோளைத் தட்டினான். "என்ன ஹாஜி, சரிதானே?"

"சரிதான் தம்பி," என்று சொல்லிப் பக்ரும் சிரித்தான். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவனிடம் அவள் கேட்டதில்லை. கேட்காமலேயே இருந்திருக்கலாம்.

பீப்பாயை ஒதுக்கி வழிவிட்டார்கள்.

அச்சக வாசலில் வண்டியை நிறுத்திய பிறகும் இருவரும் இறங்கவில்லை. நுஹாத் தூரிகைப் பையைத் திறந்தாள்.

"அஞ்சே நிமிஷம், போட்டுடுறேன். உங்க முகம் எனக்குப் பாக்காமலே வரும்."

"போடு. முகமில்லன்னா புள்ளைங்க பயந்துக்கும்." பக்ர் முன்கண்ணாடி வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஆனா என் முகம் வேணாம் நுஹாத். ஊர்ல ஒவ்வொரு வீட்டுக்கும் போற புத்தகம் இது."

யாருடைய முகத்தைப் போடுவது? தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். ஒருவரையும் அந்த இடத்தில் நிறுத்த அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.