ஷெய்ஷெனின் இடது கை

நான் வைத்த விதி ஒன்றே ஒன்றுதான்: தனியாக யாரையும் எடுப்பதில்லை. கொரோனா காலத்தில் ஜன்னலோரம் தனியே உட்கார்ந்து வானத்தைப் பார்க்கும் முகங்களை ஊரே எடுத்துத் தள்ளியது. பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. என் படங்களில் பேசிக்கொள்ளும் இருவர் வேண்டும். ஒருவரை மற்றவர் பார்க்கும் பக்கத்திலிருந்து எடுத்து, இரண்டு படங்களையும் அருகருகே வைப்பேன்.

பிஷ்கெக்கில் எங்கள் குடியிருப்பில் இதற்கு வாகான ஜோடி காப்பாரும் ஷெய்ஷெனும். காப்பார் பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், ஷெய்ஷென் டிராலிபஸ் ஓட்டியவர். எதிரெதிர்க் கட்டடம், இருவருக்கும் மூன்றாம் மாடி. வீட்டுப் பெண்கள் இருவரையும் வாசல் தாண்ட விடவில்லை. அதனால் ஆளுக்கொரு பலகையை ஜன்னலில் வைத்துக்கொண்டு ஒன்பது குழி ஆட்டம் ஆடினார்கள். எந்தக் குழியை எடுத்தோம் என்று கத்திச் சொல்ல வேண்டும்; இரண்டு பலகையிலும் கற்கள் ஒரே மாதிரி நகர வேண்டும். காலையில் "ஏழு!" என்று சத்தம் கேட்ட பிறகுதான் நான் தேநீர் போடுவேன்.

ஜூன் கடைசியில், காப்பாருக்கு மேல் வீடான என் வீட்டிலிருந்து ஷெய்ஷெனை எடுத்தேன். அன்றுதான் அந்தச் சண்டை. தன் நாலாம் குழியில் ஏழு கல் என்றார் ஷெய்ஷென். ஆறுதான் என்றார் காப்பார். தினமும் நடக்கிற கூத்துதான், ஆனால் காப்பாருக்கு அன்று வாய் மீறிவிட்டது.

"திருட்டுப் பய! வாழ்க்கை பூரா நீ திருட்டுப் பயதான்டா!"

குடியிருப்பே கேட்டது. ஷெய்ஷென் ஜன்னலைச் சாத்தினார். மறுநாள் திறக்கவில்லை. வீம்பு என்று நினைத்துக் காப்பாரும் முறுக்கிக்கொண்டார். வீம்பில்லை, காய்ச்சல். ஐந்தாம் நாள் ஆம்புலன்ஸ் வந்தது, எட்டாம் நாள் முழுக்க மூடிய உடையில் நால்வர் அடக்கம் செய்தார்கள். முற்றத்தில் துக்கக் கூடாரம் போடவில்லை. எங்கள் வழக்கப்படி வாசலில் வந்து ஓலமிட ஆண்கள் யாரும் இல்லை; அந்த ஓலம் கேட்டால்தானே உள்ளே பெண்கள் ஒப்பாரி எடுப்பார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் காப்பார் என் கதவைத் தட்டினார். மாஸ்க் ஒரு காதில் தொங்கியது. வாட்ஸப் குழுவில் நான் போட்ட ஷெய்ஷெனின் படத்தில் பலகை தெரியவில்லையே, முழுப் படம் இருக்கிறதா என்றார். இருந்தது. அடிப்பகுதியை நான்தான் வெட்டியிருந்தேன்; இடது கை கலங்கி, பார்க்க அசிங்கமாக விழுந்திருந்தது. இப்போது அது எதற்கு என்று கொஞ்சம் எரிச்சலாகத்தான் கேட்டேன்.

"அவன்கிட்ட நான் கடைசியா சொன்ன வார்த்தை அது, செயில். யோக்கியன அப்படிச் சொல்லி அனுப்பிட்டேனான்னு தெரியணும். அது தெரியாம அவன் வீட்டு வாசல்ல போய் எந்த மூஞ்சியோட அழுவேன்?"

சண்டையின் நடுவே எடுத்த அந்த முழுப் படத்தைக் கணினியில் திறந்தேன். ஷெய்ஷென் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். வலது கையை உயர்த்தி, இரு விரல்களுக்கிடையே கட்டைவிரலைத் துருத்தி, ஒன்றும் கிடையாது போ என்று காப்பாருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். கீழே, நான் வெட்டியெறிந்த பகுதியில், அந்த இடது கை நாலாம் குழிக்கு மேல் இருந்தது. பெரிதாக்கினேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு கல்.

காப்பார் திரையில் மூக்கு இடிக்கக் குனிந்தார்.

"ஏழாவதைப் போட்டுட்டான் பாரு," என்றார் மெதுவாக. "என் கண்ணு முன்னாலயே போட்டுட்டான்."

சிரித்தார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்பது எனக்குச் சற்றுக் கழித்துத்தான் புரிந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாஸ்க்கைச் சரியாக மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார்.

ஜன்னலிலிருந்து பார்த்தேன். பாதி முற்றம் தாண்டியதும் இரு கைகளையும் இடுப்பில் ஊன்றிக் குனிந்து, முறைப்படி உரத்த குரலில் ஓலமிட்டபடி நடந்தார்.

"ஐயோ என் தோழனே! என் திருட்டுப் பயலே!"

கேமரா என் கையில் இருந்தது. முற்றத்தில் ஒற்றை ஆள். எடுக்கவில்லை. அவர் எதிர்க் கட்டடத்தின் அடியில் போய் நின்றபோது, ஜூனிலிருந்து சாத்தியிருந்த மூன்றாம் மாடி ஜன்னல் திறந்தது. ஷெய்ஷெனின் மனைவி பூருல் தலையை வெளியே நீட்டி, இரண்டு மாதமாக யாருக்கும் பாடாத ஒப்பாரியை எடுத்தார்.

அப்போது எடுத்தேன். எதையும் வெட்டவில்லை.