தரையில் நின்று கிளப்பும் வண்டி

1.

இந்தக் கதை ஒரு வாளித் தண்ணீரில் தொடங்கியது. நல்ல முதல் வரியாக இருக்கட்டும் என்று இப்படி எழுதவில்லை. நடந்ததே அப்படித்தான். வாழப்பாடிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் பழைய குட்டி டிராக்டர் ஒன்றை வாங்கி, மினி லாரியில் ஏற்றிக்கொண்டு நானும் என் சிநேகிதர் குணசீலனும் கிளம்பினோம். வளைவில் திரும்பிப் பார்த்தேன். வண்டியை விற்ற பெருமாயி அம்மாள், அது நின்றிருந்த இடத்திலிருந்து கேட் வரைக்கும் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்.

பிணம் எடுத்த வீட்டில் அப்படிக் கழுவுவார்கள். வண்டி விற்ற வீட்டில் கழுவி நான் பார்த்ததில்லை. விற்கிறவர்கள் வழக்கமாகப் பானெட்டைத் தொட்டுக் கும்பிடுவார்கள், செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள், ஒருவராவது கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

"பாத்தீங்களா?" என்று குணசீலனைக் கேட்டேன்.

"ஆயில் சிந்தியிருக்குமுங்க," என்றார். அவர் திரும்பியே பார்க்கவில்லை. பார்க்காமலே எப்படித் தெரியும்?

அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். மூன்று தொடக்கங்கள் எழுதி மூன்றையும் அடித்தேன். அடித்ததை மறைப்பானேன், பாருங்கள்:

மாலை வெயிலில் அந்தச் சின்ன டிராக்டர் ஒரு — (நிறுத்திவிட்டேன். 'ஒரு' போட்டதும் அடுத்து உவமை வந்து நிற்கும்.)

எழுபதுகளில் ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்த இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின் — (குணசீலனைத் தவிர யாரும் படிக்க மாட்டார்கள்.)

குணசீலன் எதையோ மறைக்கிறார் என்று எனக்கு — (இதுதான் சரியான தொடக்கம். ஆனால் அவர் யாரென்றே உங்களுக்குத் தெரியாதபோது அவரைச் சந்தேகப்படச் சொல்வது நியாயமில்லை.)

2.

சேலம், நாமக்கல் பக்கத்தில் எங்களைப்போல ஐந்தாறு பேர் இருக்கிறோம். பிழைப்புக்கு வேறு வேலை. கார் நிற்க வேண்டிய ஷெட்டில் பழைய குட்டி டிராக்டரை நிறுத்திவிட்டுக் காரை வெயிலில் காயவிடுகிறவர்கள். வண்டி நெஞ்சு உயரம்கூட இருக்காது. தென்னைக்கும் பாக்குக்கும் நடுவே புகுந்து உழுவதற்கென்று செய்தது. காயலான் கடைக்குப் போகிற நிலையில் அதை வாங்கி, துருவைத் தேய்த்து, எஞ்சினைப் பிரித்துச் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஒருவர் தோப்பில் கூடி உழுவோம். உழவே தேவையில்லாத தோப்பையும் உழுதிருக்கிறோம். பனமரத்துப்பட்டியில் ஒரு தோட்டக்காரர் எங்களைக் கண்டாலே கேட்டைச் சாத்திவிடுகிறார்.

எங்களில் கெட்டிக்காரர் குணசீலன். நாமக்கல்லில் லாரி பாடிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறார். வண்டி விஷயத்தில் மடி ஆசாரம் பார்ப்பார். "கம்பெனிக்காரன் போட்டதுதான் போடோணுமுங்க. உள்ளூர் போல்ட்டு ஒண்ணு போட்டாலும் அது வேற வண்டி," என்பார். ஒரு விளக்குக் கண்ணாடிக்காக அவர் அலைந்த அலைச்சலில் வேறொருவர் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்திருப்பார்.

அவர் வீடும் வண்டிகளும் இருக்கிற தோப்பு புதுச்சத்திரத்தில் இருக்கிறது. அது அவர் மனைவி அமுதவல்லிக்கு, அவருடைய பிறந்த வீட்டில் அப்பா கொடுத்தது. குணசீலன் வண்டியைப் புதுப்பிப்பதோடு சரி. ஓட்டி உழுவதெல்லாம் அமுதவல்லிதான். எங்கள் கூட்டத்தில் கோணாமல் உழவுச் சால் ஓட்டத் தெரிந்தவரும் அவர் ஒருவர்தான்.

3.

இனி சந்தேகப்படலாம்.

வண்டி தோப்பில் வந்து இறங்கியதும், ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல், குணசீலன் சேவல் அறுத்தார். ரத்தத்தை நான்கு சக்கரத்திலும் தொட்டு வைத்தார். இதற்கு முன்னால் அவர் புதுப்பித்த வண்டிகளுக்கெல்லாம் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்ததோடு சரி. அடுத்து, பெயிண்ட் அடித்தார். கடைசியில் செய்கிற வேலையை முதலில் செய்தார்.

ஒரு பாத்திரம் வழக்கத்தை மீறினால் இரண்டு காரணம்தான் இருக்க முடியும். எழுதுகிறவன் மறந்திருக்க வேண்டும், அல்லது பாத்திரம் எதையோ மறைக்க வேண்டும். நான் மறக்கவில்லை.

"இந்த வண்டிக்கு மட்டும் எதுக்குங்க சேவல்?" என்று கேட்டேன்.

"பெரிய வேலைங்க. நல்லபடியா முடியோணுமில்ல."

"போன வண்டி இதைவிடப் பெரிய வேலை. எலுமிச்சம்பழத்தோட முடிச்சீங்க."

"நீங்க கதை எழுதறவங்க. உங்களுக்குச் சேவல் கூவுனாலும் சந்தேகம், கூவாட்டியும் சந்தேகம்," என்று சிரித்தார். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது.

லாரி ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஆளை அடித்த வண்டி என்றால் சேவல் அறுத்து, நிறத்தை மாற்றி, வேறு பக்கத்து ஆட்களுக்கு விற்றுவிடுவார்கள். அதோடு தோஷம் கழிந்தது என்று அர்த்தம். அப்படி வந்த வண்டிகளுக்குக் குணசீலனின் பட்டறையில் நிறம் மாற்றியதை நானே பார்த்திருக்கிறேன்.

4.

(இந்தப் பகுதியில் குணசீலனின் நல்ல குணங்களை எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தால் கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோல இருந்தது. எடுத்துவிட்டேன். ஒன்றை மட்டும் விட்டுவைக்கிறேன்: என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்தவர் இந்த மனிதர்தான். அவரைச் சந்தேகப்படும்போதெல்லாம் எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது. சந்தேகம் மட்டும் போகமாட்டேன் என்கிறது.)

5.

வண்டி ஓடத் தொடங்கிய பிறகு ஒரு நாள் புதுச்சத்திரம் போனேன். அமுதவல்லி தோப்பில் தனியாக இருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்ணா, வண்டி ஓடறதைப் பாருங்க," என்று கூப்பிட்டார்.

சாவி போடும் சுவிட்ச் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டைதான் இருந்தது. சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்ப வழியில்லாததால் அவர் தரையில், எஞ்சினுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே போய் நின்றார். குனிந்து ஸ்டார்ட்டர் மோட்டாரின் இரண்டு போல்ட்டையும் ஸ்க்ரூடிரைவரால் சேர்த்துத் தொட்டார். பளிச்சென்று ஒரு பொறி. எஞ்சின் ஓடத் தொடங்கியது. இந்தப் பக்கம் எல்லோரும் செய்கிற காரியம்தான். நானும் செய்திருக்கிறேன்.

"சுவிட்ச் போடலியா?"

"ஜப்பான்லருந்து வரோணுமாமுங்க. உள்ளூர்ச் சுவிட்சு போட்டா வண்டி கெட்டுப்போயிருமாமா. அதுவரைக்கும் இந்த ஸ்க்ரூடிரைவர்தான் சாவி. இதுவும் வண்டியோடவே வந்ததுங்ணா."

அதன் முனை பொறி தின்று தின்று உருகி மழுங்கியிருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"ஏனுங்ணா, ஒண்ணு கேக்கட்டுங்களா? நான் வண்டிகிட்டப் போறப்பெல்லாம் இவரு செய்யற வேலைய உட்டுப்போட்டு ஓடியாந்து நிக்கறாரு. கியரைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறாரு. கேட்டா ஒண்ணுமில்லைங்கறாரு. இந்த வண்டில ஏதாச்சும் இருக்குதுங்களா?"

எனக்குத் தெரியாது என்றேன். அந்த நேரத்தில் அது உண்மை.

6.

யாரிடமும் சொல்லாமல் வாழப்பாடிக்குப் போனேன். பெருமாயி அம்மாள் களத்தில் உட்கார்ந்து, நடுவதற்கு மரவள்ளிக் குச்சிகளை நறுக்கிக்கொண்டிருந்தார். (முதல் வரைவில் அவரை அழவைத்திருந்தேன். அவர் அழவில்லை. குச்சியை நறுக்கிக்கொண்டே பேசினார்.)

"எங்க வீட்டுக்காரரு அந்த வண்டியிலதான் சார் செத்தாரு. சுவிட்ச் கெட்டுப்போனதுலருந்து கீழ நின்னுக்கிட்டே ஸ்டார்ட் பண்ணுவாரு. அன்னைக்கு கியர்ல நின்னுருக்குது, பாக்கல. கிளம்புன வேகத்துல பின் சக்கரம் அவரு மேல ஏறிடுச்சு. நான் ஓடியாறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு."

அமுதவல்லி நின்ற அதே இடம்.

"வண்டி மேல எனக்குக் கோவம் இல்ல சார். பாக்கத்தான் முடியல."

"இதை எங்ககிட்ட ஏம்மா சொல்லல?"

அவருடைய கத்தி நின்றது. "சொன்னேனே சார். நீங்க வண்டிக்கடியில படுத்து என்னமோ பாத்துக்கிட்டிருந்தீங்க. உங்ககூட வந்தவருகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். சுவிட்ச் போட்டுட்டு ஓட்டுங்கன்னும் சொன்னேன். 'எங்க வீட்ல தெரிஞ்சா வண்டியை உள்ள விடமாட்டாங்க, யாருக்கும் சொல்லிராதீங்கம்மா'ன்னாரு."

சந்தேகம் உறுதியானால் ஒரு நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. பஸ்ஸில் வரும்போது குணசீலனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வந்தேன். ஆளை அடித்த வண்டிக்கு லாரி ஊர்க்காரன் என்னென்ன செய்வானோ அத்தனையும் செய்திருக்கிறார். சேவல் ஆயிற்று, நிறம் ஆயிற்று. எந்த ஆட்டோ கடையிலும் கிடைக்கிற ஒரு சுவிட்சை மட்டும் போடவில்லை. போட்டால் கம்பெனி வண்டி உள்ளூர் வண்டியாகிவிடுமாம்.

7.

முடிவுகள்.

அ) நான் குணசீலனைத் தனியாகப் பிடித்துக் கேட்கிறேன். அவர் தலைகுனிகிறார். மறுநாளே சுவிட்ச் போடுகிறார். அமுதவல்லிக்குக் கடைசிவரை எதுவும் தெரியாது. (சுத்தமான முடிவு. ஆனால் இதில் மறைக்கிறவர்கள் ஒருவரிலிருந்து இருவராகிறோம்.)

ஆ) ஒரு நாள் காலையில் அமுதவல்லி ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் — (மாட்டேன். எழுதமாட்டேன். இதைவிட நல்ல முடிவு கிடையாது என்று யாராவது சொன்னால் அவர் எனக்கு வாசகராக இருக்க வேண்டாம்.)

இ) குணசீலன் அடிப்படையில் நல்லவர், தானாகவே சொல்லிவிடுவார் என்று காத்திருக்கிறேன். (காத்திருக்கும்போது 'ஆ' நடந்துவிட்டால்?)

8.

மேலே உள்ள ஏழு பகுதிகளையும் எடுத்துக்கொண்டு நேராகப் புதுச்சத்திரம் போனேன். குணசீலன் பட்டறைக்குப் போயிருந்தார். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. காகிதங்களை அமுதவல்லியிடம் கொடுத்து, "இதைப் படிக்கிற வரைக்கும் வண்டியைத் தொடாதம்மா," என்றேன்.

நின்றபடியே படிக்கத் தொடங்கினார். ஆறாவது பகுதியில் உட்கார்ந்தார். படித்து முடித்தபின் எழுந்து வண்டிக்குப் போய், பேட்டரி வயரைக் கழற்றி, கழன்றது வெளியே தெரியாதபடி அங்கேயே சாய்த்து வைத்தார். திரும்பி வந்தபோது முகத்தில் அழுகை இல்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஞாயித்துக்கெழம எல்லாரும் நம்ம தோப்புக்குத்தான வாராங்க?"

"ஆமா."

"நான் எப்பவும்போல போய் நின்னு, ஸ்க்ரூடிரைவரை எடுங்கன்னு அவருகிட்டக் கை நீட்டுவேன். எடுத்துக் குடுக்கறாரா, வேண்டாம் அமுதான்னு விசயத்தச் சொல்றாரான்னு பாக்கோணும்."

"வயர்தான் கழட்டியாச்சே. வண்டி கிளம்பாது."

"அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதில்லீங்ணா."

"எடுத்துக் குடுத்துட்டாருன்னா?"

நிதானமாகச் சொன்னார்: "குடுத்துட்டாருன்னா, வண்டியை ஏத்திக்கிட்டு அவரும் இந்தத் தோப்பை உட்டுப் போயரட்டும். நான் செத்தாலும் பரவாயில்ல, வண்டி கெடக்கூடாதுன்னு நெனைக்கற ஆளுக்குச் சோறாக்கிப் போட என்னால ஆகாதுங்க."

நான் காகிதங்களுக்குக் கை நீட்டினேன். கொடுக்கும்போது சொன்னார்: "அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லீராதீங்ணா. சொன்னீங்கன்னா நீங்களும் அவரு கட்சின்னு வெச்சுக்குவேன்."

9.

இன்று சனிக்கிழமை. எட்டாவது பகுதியை எழுதி முடித்துக் காகிதங்களை அடுக்கும்போது வாசலில் பைக் சத்தம். குணசீலன். நாமக்கல்லிலிருந்து கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருக்கும் என் வீடுவரை சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறார். நகக்கண்ணில் பெயிண்ட் காயவில்லை.

"அமுதா சொன்னா. நம்ம வண்டியப் பத்திக் கதை எழுதறீங்களாமா?"

அமுதவல்லி ஏன் சொன்னார்? வாய் தவறிச் சொல்கிறவர் அல்ல அவர். என்னையும் சேர்த்துச் சோதிக்கிறாரா? அல்லது, இவர் தப்பித்துக்கொள்ளட்டும் என்று அவரே ஒரு வழி விட்டிருக்கிறாரா? யோசிக்க யோசிக்க இரண்டும் சரியாகத்தான் படுகிறது.

டீ கொடுத்தேன். ஆற்றி ஆற்றிக் குடிக்கிறார். தூங்கி நாளாகியிருக்கும் போலிருக்கிறது, கண் சிவந்திருக்கிறது. "அந்தச் சுவிட்சுக்கு மெட்ராஸ்ல ஒருத்தர்கிட்டச் சொல்லி வெச்சிருக்கறனுங்க," என்று நான் கேட்காமலே சொல்கிறார். நான் ஏதாவது கேட்பேன் என்று பார்க்கிறார். நான் கேட்கவில்லை.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மேசையைப் பார்க்கிறார். "என்னைய நல்லவனாத்தானுங்க எழுதிருக்கீங்க?"

பதில் சொல்லாமல் இந்த வரியை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதுகிறவனைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று அவரும் பேசாமல் இருக்கிறார். இப்போது கையை நீட்டுகிறார்.

இவ்வளவு தூரம் நீங்கள் படித்துவிட்டீர்கள். அவர் இன்னும் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. இந்தக் காகிதங்களைக் கொடுத்தால், நாளைக்கு எல்லோர் முன்னாலும், "வேண்டாம் அமுதா," என்று அழகாகச் சொல்லிவிடுவார். அமுதவல்லி நம்புவார், குடும்பம் தப்பும், அவர் நம்பியது பொய் என்பது எனக்கும் உங்களுக்கும் மட்டும் தெரியும். கொடுக்காவிட்டால், நாளைக்குக் குணசீலன் என்ன செய்தாலும் அது அவராகவே செய்ததாக இருக்கும். வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்த மனிதரை நான் பாதியில் விட்டதாகவும் இருக்கும்.

நீட்டிய கை அப்படியே இருக்கிறது. கொடுக்கட்டுமா?