நாலாவது ஆமென்

மில்லின் காலை ஐந்தரை மணிச் சங்கு ஊதி அடங்குவதற்குள் அப்பா கண்ணை மூடிவிட்டார், ஸ்டீயரிங்கின் மேல் இரண்டு கைகளையும் கோத்து நெற்றியை அதில் சாய்த்து, அன்பும் இரக்கமும் நிறைந்த பரலோகப் பிதாவே என்று தொடங்குகிறார், பக்கத்தில் அம்மா முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொள்கிறாள், பின் சீட்டில் என் அக்கா எமீமாள், எமீ, உள்ளங்கைகளை மடியில் விரித்து வைத்திருக்கிறாள், எல்லாருடைய கண்ணும் மூடியிருக்கிறது, என்னுடையதைத் தவிர, எனக்குப் பதிமூன்று வயது, ஜெபத்தில் கண்ணைத் திறந்து வைத்திருப்பதுதான் அப்போது என்னிடம் இருந்த ஒரே பாவம், ஒருவர் பேச மற்றவர்கள் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அந்த முகங்களில் வந்து போவதை வேறெந்த முகத்திலும் நான் பார்த்ததில்லை, பிரயாணத்தை ஆசீர்வதியும், டயர்களைக் காத்துக்கொள்ளும், எதிரே வரும் லாரிக்காரர்களுக்கு நிதானத்தைத் தாரும், ஆமென் என்கிறார் அப்பா, ஆமென் அம்மா, ஆமென் எமீ, ஆமென் நான், நாலு ஆமெனும் விழுந்த பிறகுதான் சாவியைத் திருப்புவார், வழியில ஜெபம் பண்ணணும்னு தோணிச்சுன்னா வண்டிய ஓரங்கட்டிட்டுப் பண்ணுங்கப்பா, கண்ண மூடிட்டு ஓட்டிராதீங்க என்கிறாள் எமீ, ஏட்டி வாய அடக்கு என்கிறாள் அம்மா, ஆனால் சிரிக்கிறாள், அன்றைக்கு அம்மா சிரித்துக்கொண்டுதான் புறப்பட்டாள்.

எங்கள் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்பார்கள், அவர் மனைவி ஐயரம்மா, நாங்கள் ஐயர் வீட்டுப் பிள்ளைகள், அப்பா கோவில்பட்டிப் பக்கம் ஒரு சபையில் ஐயராக இருந்த காலம் அது, சபையில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தவர் தன் அம்பாசிடரைக் கொடுத்திருந்தார், டிரைவர் வேண்டாம் குடும்பமாய்ப் போகிறோம் என்று அப்பா சொல்லிவிட்டார், நாகர்கோவிலுக்கு, அம்மாவின் அண்ணன் ஜெயசீலன் மாமா வீட்டுக்கு, மாமாவின் மகன் எட்வின் அத்தானுக்கும் எமீக்கும் பேசி முடிக்க, போன கிறிஸ்மஸுக்குப் போயிருந்தபோது எட்வின் அத்தான் எமீக்கு வீட்டுக் காம்பவுண்டுக்குள் ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார், அவள் ரோஜாச் செடிமேல் ஏற்றிவிட்டு விழுந்தாள், அவரும் விழுந்தார், இரண்டு பேரும் எழுந்திருக்காமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அதற்குப் பிறகு எமீ ராத்திரிகளில் என்னிடம் பேசியதெல்லாம் ஸ்கூட்டரைப் பற்றித்தான், கிளட்ச்சை எப்போது விடவேண்டும், கியரை எப்போது மாற்றவேண்டும், எனக்கு அலுத்துப்போயிற்று, கயத்தாறு தாண்டியதும் அம்மா அப்பாவின் பக்கம் திரும்பி உட்காருகிறாள், இங்க பாருங்க, எமீ விஷயத்த அண்ணன்ட்ட நான் சொல்லுதேன், மறைக்கணும்னு நினைக்கல, சாப்பிட்டு எல்லாரும் படுத்த பிறகு தனியா கூப்பிட்டு நானே சொல்லுதேன், எப்படிச் சொன்னா அண்ணனுக்கு விளங்கும்னு எனக்குத் தெரியும், நீங்க ஒரு வார்த்தை பேசிராதீங்க, எமீ விஷயம் என்பது வலிப்பு, முதல் தடவை அடுக்களையில், இரண்டாம் தடவை கோயிலுக்குப் புறப்படும்போது வாசற்படியில், பித்தம் என்று அம்மா ஊருக்குச் சொன்னாள், மதுரை டாக்டர் கொடுத்த மாத்திரைகளைப் பவுடர் டப்பாவுக்குள் போட்டு வைத்தாள், அதன்பிறகு இரண்டு வருஷமாய் வரவில்லை, நான் என்னத்துக்குப் பேசப்போறேன் என்கிறார் அப்பா, அப்படி இல்ல, வாயத் தொறந்து சொல்லுங்க, சரி சொர்ணம், ஒரு மனுஷன்ட்டயும் வாயத் தொறக்க மாட்டேன், போதுமா, போதும் என்கிறாள் அம்மா, பின்னாலிருந்து எமீ, நான் இங்கதான் இருக்கேன், என்னைய ஒரு மூட்டை மாதிரி வச்சுப் பேசுதீங்க என்கிறாள், மூட்டைன்னா கடைக்காரன் பிரிச்சுக் காட்டிட்டுல்லா விப்பான் என்று அப்பா சொல்லிவிட்டுத் தானே சிரிக்கிறார், நாங்களும் சிரிக்கிறோம், அம்மா பாதியில் நிறுத்திக்கொள்கிறாள், நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்க்கிறாள், ஆரல்வாய்மொழிக்கு முன்னால் மலைக்கு நடுவிலிருந்து காற்று வந்து காரை ஒரு பக்கமாய்த் தள்ளுகிறது, கண்ணாடியை ஏத்துங்க பிள்ளைகளா, தலை கலைஞ்சிரும் என்கிறாள் அம்மா.

வாங்க அத்தான் வாங்க என்று அப்பாவைக் கூப்பிட்டபடி மாமா வாசல் கேட்டுக்கே வந்துவிட்டார், எமீமாவா இது, ஏன் மக்களே இப்படி மெலிஞ்சு போன, ஐயரு வீட்டுல கஞ்சிதானா என்று ரோஸ்லின் அத்தை அவளை அணைத்தபடியே அடுக்களைக்குக் கூட்டிப்போனாள், எமீ சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நெய்மீன் துண்டுகளைக் கல்லில் போட்டு எடுக்கிறாள், எண்ணெய் தெறிக்கிறது, அவள் ஒதுங்கவில்லை, அத்தை அம்மாவிடம், சொர்ணம், இனி அடுப்ப இவகிட்ட குடுத்துட்டு நான் காலை நீட்டிக்கிடலாம் பாத்துக்க என்கிறாள், அம்மா கறிவேப்பிலையை உருவுகிறாள், அவள் கைகள் எவ்வளவு வேகமாய் உருவின என்பது எனக்கு இப்போதும் தெரிகிறது, ஹாலில் இலை போட்டாயிற்று, எட்வின் அத்தான் எமீக்கு எதிர் இலையில் உட்கார்ந்திருக்கிறார், சோறு விழுந்துவிட்டது, குழம்பு விழுந்துவிட்டது, ஐயர் இருக்கிற வீட்டில் ஐயர் ஜெபிக்காமல் யாரும் இலையில் கை வைப்பதில்லை, அத்தான் ஒரு வார்த்தை ஜெபம் பண்ணுங்க என்கிறார் மாமா அப்பாவிடம், அப்பா எழுந்து நிற்கிறார், எல்லாரும் கண்ணை மூடுகிறார்கள், நான் மூடவில்லை, இந்த வீட்டுக்காக ஸ்தோத்திரம், இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம், ஜெயசீலனுக்குக் கொடுத்த உத்தியோக உயர்வுக்காக ஸ்தோத்திரம் என்று வரிசையாய்ச் சொல்லிக்கொண்டே வந்தவரின் குரல் தழதழக்கிறது, பிரசங்கத்தில் மூன்றாவது குறிப்புக்கு வரும்போது தழதழக்குமே அதைப்போல, உம்முடைய அடியாள் எமீமாளை நினைக்கிறோம் ஆண்டவரே, அந்தப் பொல்லாத வலிப்பு இந்த இரண்டு வருஷ காலமும் அவளை அணுகாதபடி காத்தீரே, அவள் நாள்தோறும் விழுங்குகிற மாத்திரைகளை ஆசீர்வதித்தீரே, அவள் விழுந்த இடங்களிலெல்லாம் அவள் நாவைக் கடித்துக்கொள்ளாதபடி உம்முடைய கரத்தை வைத்தீரே, உமக்குக் கோடி ஸ்தோத்திரம்.

ஜெபத்தை யாரும் நிறுத்த முடியாது, அடுத்த வீடு தீப்பிடித்தாலும் ஆமென் வரைக்கும் காத்திருக்க வேண்டும், அம்மாவின் கை இலைமேல் அப்படியே நிற்கிறது, மூடிய கண்ணுக்குள் கருமணி இங்குமங்கும் ஓடுவது இமைக்கு மேல் தெரிகிறது, மாமாவின் நெற்றி சுருங்குகிறது, அத்தை கண்ணைத் திறந்துவிட்டாள், அத்தை எமீயைப் பார்க்கவில்லை, மகனைப் பார்க்கிறாள், எட்வின் அத்தான் கண்ணைத் திறக்கவே இல்லை, இன்னும் இறுக்கி மூடுகிறார், எமீ மட்டும் தலையைக் குனியாமல் நேராக வைத்திருக்கிறாள், கண்கள் மூடியபடி, போட்டோவுக்கு உட்கார்ந்தவளைப்போல, அப்பா ஆமென் என்கிறார், எல்லாரும் ஆமென் என்கிறார்கள், வலிப்புக்கும் ஆமென், மாத்திரைக்கும் ஆமென், இந்த ஜெபம்தான் எனக்கு இன்னமும் கனவில் வருகிறது, கனவில் அது முடிவதேயில்லை, சோறு ஆறுகிறது, இலை வாடிச் சுருள்கிறது, அப்பா ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று அடுக்கிக்கொண்டே போகிறார், அம்மா எப்போது எழுந்து போனாள் என்று தெரியாமல் நான் அவளுடைய காலி இலையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஆனால் அன்றைக்கு முடிந்தது, எல்லாரும் சாப்பிட்டார்கள், மீன் நன்றாயிருந்தது என்றார்கள், எமீ இன்னும் ரெண்டு துண்டு பொரிக்கட்டுமா என்று எழுந்தபோது அத்தை அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள், நீ இரி மக்களே, அடுப்புகிட்ட நிக்காண்டாம், எவ்வளவு மிருதுவான குரல், அதைப்போல மிருதுவாய் அத்தை அவளிடம் அதற்கு முன்பு பேசியதே இல்லை, எட்வின் அத்தான் ஐஸ்கிரீம் வாங்கிவருகிறேன் என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார், நாங்கள் புறப்படும் வரைக்கும் வரவில்லை, பேச்சு எடுக்கப்படவே இல்லை, அம்மா மாமாவைத் தனியாய்க் கூப்பிடவில்லை, சொல்வதற்கு அவளிடம் என்ன மிச்சமிருந்தது, ராத்திரி தங்குவதாக இருந்தவர்களை யாரும் தங்கச் சொல்லவில்லை, முந்திரிக்கொத்துப் பொட்டலத்தைக் காருக்குள் நீட்டிவிட்டு மாமா, நல்லா உருக்கமா ஜெபம் பண்ணினீங்க அத்தான் என்றார்.

ஆரல்வாய்மொழியில் வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது, காற்று அதே காற்று, இப்போது காரை மறுபக்கமாய்த் தள்ளியது, யாரும் கண்ணாடியை ஏற்றவில்லை, அப்பாவே காரை ஓரங்கட்டினார், நான் சொன்ன வாக்கை மீறல சொர்ணம், நான் ஒரு மனுஷன்ட்டயும் சொல்லல, ஆண்டவர்ட்டதான சொன்னேன், அம்மா மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எமீதான் பேசினாள், ஆண்டவருக்கு முன்னமே தெரியாதாப்பா, அப்பா பதிலுக்குக் கைகளை ஸ்டீயரிங்மேல் கோத்தார், பாதுகாப்பாய் வீடுகொண்டு சேரும் என்றார், ஆமென் அப்பா, ஆமென் எமீ, ஆமென் நான், அம்மாவின் உதடுகள் அசையவில்லை, எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன், அப்பா சாவியில் கை வைத்தபடி கொஞ்சம் காத்திருந்தார், பிறகு திருப்பினார்.

அதற்குப் பிறகு அம்மா ஆமென் சொல்லவே இல்லை, சண்டை போடவில்லை, சமைத்தாள், அப்பாவின் அங்கியைத் துவைத்துக் கஞ்சி போட்டாள், பெண்கள் சங்கத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள், கோயிலில் இருநூறு ஆமெனுக்கு நடுவில் ஒன்று குறைந்தால் யாருக்குத் தெரியும், வீட்டில் ராச்சாப்பாட்டு ஜெபத்தில் தெரியும், அப்பா தன் ஆமெனைச் சத்தமாய்ச் சொல்லிப் பார்த்தார், மெதுவாய்ச் சொல்லிப் பார்த்தார், சொல்லிவிட்டு ஒவ்வொரு நாளும் காத்திருந்தார், குழாயில் தண்ணீர் சொட்டும், எமீ தட்டை எடுப்பாள், ஏன் சொல்லமாட்டேங்குத என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை, கேட்டால் அவள் பதில் சொல்லிவிடுவாள் என்று பயந்திருப்பார், எட்வின் அத்தானுக்கு மார்த்தாண்டத்தில் பெண் எடுத்தார்கள், எமீயைக் கேட்டு வேறு சில வீடுகளிலிருந்து வந்தார்கள், நாகர்கோவிலில் விசாரித்த பிறகு திரும்ப வரவில்லை, பிறகு அவள் மலைமேல் ஒரு விடுதிப் பள்ளிக்கு வாத்திச்சியாய்ப் போய் அங்கேயே நரைத்தாள், வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை, வலிப்பு அதன்பிறகு அவளுக்கு ஒருதடவைகூட வரவில்லை, அப்பாவின் ஜெபம் கேட்கப்பட்டது, போன கார்த்திகையில் அம்மா என் வீட்டுக் கட்டிலில் கிடந்தபோது அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ஜெபித்தார், நீண்ட ஜெபம், நான் வழக்கம்போலத் திறந்த கண்ணோடு நின்றேன், அம்மாவும் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள், அவள் என்னைப் பார்த்தாள், ஜெபத்தில் அவள் கண் திறந்திருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, அப்பா ஆமென் சொல்லிவிட்டுக் காத்திருந்தார், காத்திருந்தார், அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள், அதற்கு அடுத்த நாள் போனாள்.

இன்றைக்குச் சங்கு இல்லை, மில்லை மூடி வருஷங்கள் ஆகின்றன, அதே ஐந்தரை இருட்டு, ஸ்டீயரிங்கில் நான், இடப்பக்கத்தில் அம்மா உட்கார்ந்த இடத்தில் அப்பா, சீட் பெல்ட்டை நான்தான் மாட்டிவிட்டேன், பின் சீட்டில் எமீ, ஜெயசீலன் மாமா படுத்த படுக்கையாய் இருக்கிறார், எங்கப்பா அத்தானை வந்து ஒரு ஜெபம் பண்ணச் சொல்லுதாங்க என்று எட்வின் அத்தான் போனில் சொன்னார், எமீ லீவு போட்டுக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்து நானும் வாரேன் என்றாள், எதுக்குக்கா என்று கேட்டேன், ஐஸ்கிரீம் வாங்கப் போனவரு வந்துட்டாரான்னு பாக்கணும் என்றாள், சிரிக்கவில்லை, ஆரல்வாய்மொழியில் இப்போது மலையடிவாரம் முழுக்கக் காற்றாலைகள், அந்தக் காற்றை யாரோ பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள், நான் சாவியில் கை வைக்கிறேன், திருப்ப முடியவில்லை, பழக்கம், அப்பா கைகளைக் கோக்கிறார், கண்ணை மூடுகிறார், அன்பும் இரக்கமும், என்கிறார், நிற்கிறது, மறுபடியும் அன்பும் இரக்கமும், என்கிறார், அம்மா போனதிலிருந்து அதற்குமேல் அவருக்கு வருவதில்லை, தாடை அசைகிறது, கண்ணாடியில் எமீயைப் பார்க்கிறேன், அவள் கண் திறந்திருக்கிறது, அப்பாவின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அப்பா மூடிய கண்ணைத் திறக்காமல், தலையை மட்டும் பின்பக்கமாய்க் கொஞ்சம் சாய்த்து, எமீ, நீ பண்ணு, நான் ஆமென் சொல்லுதேன்.