குளிர்காலம் வரட்டும், சொல்றேன்

நாற்பது என்பது அவன் வயது அல்ல, வேகம். சாலையோரப் பலகையில் நாற்பது என்று எழுதியிருந்தால் அவன் வண்டியின் முள் நாற்பதில் போய் நிற்கும். பின்னால் வரும் லாரிக்காரன் ஹாரன் மேலேயே ஏறி உட்கார்ந்தாலும் நாற்பத்தொன்றுக்குப் போகாது. நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். என்னிடம் வருகிறவர்களை "மெதுவா, மெதுவா" என்று கத்தியே தொண்டை கட்டிப்போன எனக்கு, "கொஞ்சம் மிதியுங்களேன், புண்ணியமாப் போகும்" என்று கெஞ்ச வேண்டி வந்தது இவன் ஒருவனிடம்தான். அதனால் அவனுக்கு அந்தப் பெயர்.

நகராட்சியில் தெருவிளக்குப் பிரிவில் அவனுக்கு வேலை. தெருவுக்குத் தெரு ஒரு இரும்புப் பெட்டி இருக்கும், அதற்குள் ஒரு டைமர். பகல் சுருங்கச் சுருங்க அதை முன்னால் தள்ள வேண்டும், நீள நீளப் பின்னால் தள்ள வேண்டும். சூரியனுக்குக் கணக்குப்பிள்ளை வேலை என்று நான் கேலி செய்வேன். அவன் சிரிக்க மாட்டான், "ஆமாம் மேடம்" என்பான்.

மாலை வகுப்பு அவனுடையது. வகுப்பு முடியும் நேரமும் என் தங்கையின் கடை மூடும் நேரமும் ஒன்றாக இருந்ததால், போகிற வழியில் அவளையும் ஏற்றிக்கொள்வோம். அவள் ஒரு பெரிய துணிக்கடையில் கண்ணாடி ஜன்னலை அலங்கரிப்பவள். பொம்மைகளுக்கு உடை மாட்டி, தொப்பி வைத்து, தெருவில் போகிறவர்களை நிற்க வைப்பது அவள் தொழில். பின் சீட்டில் உட்கார்ந்து, வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு, ஏதோ ஒரு ரிப்பனைத் தைத்துக்கொண்டே வருவாள். அவனும் அவளும் பேசிக்கொண்டதைச் சேர்த்து வைத்தால் ஒரு தபால் கார்டுகூட நிறையாது.

அப்படியிருக்க, ஜூலையில் அவன் லைசன்ஸ் வாங்கிய அன்று எங்களை வீட்டில் இறக்கிவிட வந்தவன், ஹேண்ட் பிரேக்கைப் போட்டான், இன்ஜினை அணைத்தான், பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னான்.

"உங்களைக் கல்யாணம் பண்ணிக்கணும்னு ஆசைப்படறேன்."

சொன்னது பின் சீட்டுக்கு. திருப்பத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே சிக்னல் போடுகிறவன், இதற்கு மட்டும் ஒரு சிக்னலும் காட்டவில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். என் தங்கை ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "குளிர்காலம் வரட்டும், சொல்றேன்" என்றாள்.

"சரிங்க" என்றான் அவன்.

வீட்டுக்குள் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். "ஏண்டி, இதெல்லாம் ஒரு பதிலா? பிடிச்சிருந்தா பிடிச்சிருக்குன்னு சொல்லு, இல்லேன்னா இல்லேன்னு சொல்லு."

"யோசிக்க டைம் வேணும்க்கா. இதுல நீ நடுவுல புகுந்து ஏதாவது பேசினே, மூட்டையைக் கட்டிட்டு ஹாஸ்டலுக்குப் போயிடுவேன். சத்தியம் பண்ணு."

செய்தேன். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கு அவள், அவளுக்கு நான். அவள் ஹாஸ்டலுக்குப் போனால் நான் யாரோடு சண்டை போடுவது?

துணிக்கடைக்காரர்களுக்கு வானத்தில் நடப்பதைப் பற்றிக் கவலை இல்லை. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது உள்ளே கம்பளி விற்க ஆரம்பித்துவிடுவார்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் என் தங்கை பொம்மைகளுக்குக் கழுத்து வரை கோட்டு மாட்டி, பஞ்சைப் பிய்த்துப் பனியாகத் தூவி, ஜன்னல் முழுக்கக் குளிர்காலத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அவள் கணக்கில் குளிர்காலம் வந்தாயிற்று. அந்த வாரம் அவள் நல்ல உடைகளாகத் தேடி உடுத்திக்கொண்டு போனதையும், சாயங்காலம் ஆனால் ஒரே பொம்மையின் ஒரே மப்ளரைத் திரும்பத் திரும்பச் சரிசெய்துகொண்டு கண்ணாடிக்குள்ளேயே நின்றதையும் நான் பார்த்தேன்.

நாற்பதும் தினமும் வந்தான். எதிர்ப்பக்கம் நகராட்சி வேனை நிறுத்தினான், இரும்புப் பெட்டியைத் திறந்தான், மூடினான். ஜன்னலைப் பார்த்து மரியாதையாகக் கையசைத்துவிட்டுப் போய்விட்டான். என் தங்கை ஒரு நாள் வீட்டுக்கு வந்து பையை வைத்த சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் மாடியைத் தட்டினார்.

எனக்கு என்று ஒரு குளிர்காலம் உண்டு. காலையில் காரின் முன்கண்ணாடி புகைபடிந்த மாதிரி மங்கி, பழைய துண்டால் துடைத்துத் துடைத்து எனக்குத் தோள்பட்டை வலிக்கிறதே, முதல் வகுப்புக்கே ஹெட்லைட் போட வேண்டியிருக்கிறதே, அன்றைக்கு ஆரம்பம். அது நவம்பரில் வந்தது. அப்போதும் அவன் வந்து கேட்கவில்லை. சரியான கல்லுளிமங்கன் என்று திட்டினேன். "விடுக்கா" என்றாள் அவள்.

வாய்தான் விடு என்றது. தெருவில் விளக்கு எரிந்ததும் அவள் கண் கடிகாரத்துக்குப் போகும். "நேத்தைவிட இன்னிக்குச் சீக்கிரம் போட்டுட்டார்" என்பாள், யாரும் கேட்காமலே. ஒரு நாள் எங்கள் தெருவில் மட்டும் விளக்கு எரியவில்லை. அவள் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலில் நின்றாள். "உடம்புக்கு ஏதாவது முடியலையோ என்னவோ" என்றாள். எனக்குப் பாவமாகவும் இருந்தது, அவனைக் காலரைப் பிடித்து இழுத்து வர வேண்டும் போலவும் இருந்தது. ஆனால் சத்தியம் செய்து தொலைத்திருந்தேனே.

டிசம்பரில் அவள் மேனேஜர் ஒரு சேதி சொன்னார். வேறு ஊரில் பெரிய கிளை திறக்கிறார்கள், சுற்றிலும் கண்ணாடி ஜன்னல்கள், எல்லாவற்றுக்கும் இவள்தான் தலைமை. போகிறாளா இல்லையா என்று இருபத்தொன்றாம் தேதி கடை மூடுவதற்குள் சொல்லிவிட வேண்டும். அன்று காலை தலை வாரிக்கொண்டே என்னிடம், "போறேன்னு சொல்லப் போறேன்க்கா. இங்க எனக்கு என்ன இருக்கு?" என்றாள். இங்கே நான் இருக்கிறேனே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவள் கேட்டது என்னைப் பற்றி இல்லை என்று எனக்குத் தெரியாதா?

மதியம் ஒரு பல் டாக்டர் அம்மாவுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஊரார் வாய்க்குள்ளெல்லாம் தைரியமாகக் கைவிடுகிற அந்த அம்மாள், எதிரே ஒரு சைக்கிள் வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிடுவார். ஒரு திருப்பத்தில் நாற்பதின் வேன் நின்றது. அவன் ஏணி மேல் இருந்தான். வாத்தியாருக்கென்று என் பக்கத்தில் இருக்கும் பிரேக்கை ஓங்கி மிதித்தேன்.

"நான் ஒண்ணும் பண்ணலையே!" என்று அலறினார் டாக்டர்.

"நீங்க இல்லைம்மா, நான்தான் பண்ணப் போறேன்" என்று இறங்கி ஓடினேன். சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது. எரிகிற விளக்கானாலும் தூண்டுகோல் வேண்டும், இது எரியாத விளக்கு.

"ஏங்க, உங்களுக்கு மட்டும் இன்னும் குளிர்காலம் வரலையா?"

அவன் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினான். கையுறையைக் கழற்றினான். "வந்துடுச்சு மேடம். இன்னிக்கு சாயங்காலம் போய்க் கேக்கலாம்னு இருக்கேன். சட்டைகூட இஸ்திரி போட்டு எடுத்துட்டு வந்துட்டேன்."

வேனுக்குள் ஒரு நீலச் சட்டை ஹேங்கரில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கா? ஏன் இன்னிக்கு?"

"இன்னிக்குத்தானே மேடம் குளிர்காலம் ஆரம்பிக்குது? வருஷத்துலயே சின்னப் பகல் இன்னிக்குத்தான். சூரியன் தெற்கே போற வரைக்கும் போய்த் திரும்பற நாள். நேத்து வரைக்கும் இலையுதிர் காலம். எங்க ஆபீஸ்ல டைமர் கணக்கே அப்படித்தான் பிரிச்சிருக்கு."

"செப்டம்பர்லயே அவ ஜன்னல்ல பனி கொட்டிச்சே, நீங்க பார்க்கலையா?"

"பார்த்தேன். ரொம்ப அழகா இருந்துச்சு. ஆனா அது பஞ்சு மேடம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஏணியை உருவியிருப்பேன். அவன்தான் ஏற்கெனவே இறங்கிவிட்டானே. விஷயத்தைச் சொன்னேன். கடை மூடினால் அவள் போய்விட்டாள் என்று அர்த்தம், இப்போதே கிளம்பு என்றேன். அவன் முகம் வெளுத்துப்போனது. ஆனாலும், "விளக்கு எரியறதைப் பார்த்துட்டு வந்துடறேன் மேடம்" என்றான்.

"இன்னிக்கு ஒரு நாளாவது கொஞ்சம் முன்னாடி எரிஞ்சா குடியா முழுகிடும்?"

"வெளிச்சம் இருக்கும்போது எப்படி மேடம்? அதுவும் இப்பல்லாம் சாயங்காலம் நீள ஆரம்பிச்சிடுச்சு. போன ரெண்டு வாரத்தைவிட லேட்டாத்தான் இருட்டுது. விடியறதுதான் இன்னும் தள்ளிப்போயிட்டு இருக்கு, அதனாலதான் மொத்தத்துல பகல்..."

"யாருக்கு வேணும் இந்தப் பாடம்!" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் கடைக்கு எதிரே காரை நிறுத்திக் காத்திருந்தேன். டாக்டர் அம்மாவும் கூட இருந்தார். முடிவு தெரியாமல் தனக்குத் தூக்கம் வராது என்று அடுத்த இரண்டு நோயாளிகளையும் போனிலேயே நாளைக்கு வரச் சொல்லிவிட்டார். கண்ணாடிக்குள் என் தங்கை கோட்டுகளைக் கழற்றிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். பஞ்சுப் பனியைச் சுருட்டிச் சாக்கில் திணித்தாள். பொம்மைகளுக்கு மெல்லிய மஞ்சள் கவுன்களை மாட்டினாள். துணிக்கடைக்கு அன்றோடு குளிர்காலம் தீர்ந்தது, வசந்தம் வந்தாக வேண்டும்.

தெருவிளக்குகள் எரிந்தன. பின்னாலேயே அவன் வந்தான், ஒரு கால் எட்டிப் போட்டால் சட்டை கசங்கிவிடும் போல நடந்து. கண்ணாடியைத் தட்டினான். அவள் திரும்பினாள். அவன் ஏதோ சொன்னான், அவளுக்குக் கேட்கவில்லை. வானத்தைக் காட்டினான். இரண்டு கையாலும் தன்னைக் கட்டிக்கொண்டு நடுங்கிக் காட்டினான். அவள் மஞ்சள் கவுன் பொம்மையைச் சுட்டிக்காட்டிவிட்டு, இல்லை என்று கையை விரித்தாள். போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். நான் காரை விட்டு இறங்கிப் பக்கத்தில் போய் நின்றேன்.

அவள் பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"குளிர்காலம் முடிஞ்சு போச்சுங்க."

"இல்லைங்க, இன்னிக்குத்தான் ஆரம்பம்."

"எங்க கடையில செப்டம்பர்ல வந்தது. தினம் தினம் இந்தக் கண்ணாடிக்குள்ள நின்னுட்டிருந்தேன். ஊரே பார்த்துச்சு, நீங்க கையாட்டிட்டுப் போனீங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நீங்க சொன்ன நாளுக்கு முன்னாடி வந்து நின்னா, அவசரப்படுத்தற மாதிரி ஆயிடுமேன்னு நெனச்சேன். ஆனா எதிர்ப்பக்கம்தான் இருந்தேன். அந்தப் பெட்டியைத் தினமும் திறக்க வேண்டிய அவசியமே இல்லைங்க. திறந்தேன்."

என் தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது.

"செப்டம்பர்ல வந்து கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன் தெரியுமா?"

"என்னங்க?"

"வேண்டாம்னு. நீங்க நல்லவர், ஆனா எனக்குச் சரிப்பட்டு வராதுன்னு எப்படிச் சொல்றதுன்னு ஒத்திகையே பார்த்து வச்சிருந்தேன். அதைச் சொல்லி முடிச்சிடத்தான் தினமும் நின்னேன். நீங்க வரலை. கோபம் வந்துச்சு. அப்புறம் நீங்க வர்றீங்களான்னு பார்க்க ஆரம்பிச்சேன். பார்த்துப் பார்த்து, ஒரு நாள் எங்க தெருவுல விளக்கு எரியலேன்னதும் எனக்குச் சாப்பாடே இறங்கலை."

"அப்ப இப்ப என்ன சொல்றீங்க?"

"இப்ப உள்ள போய் மேனேஜர்கிட்ட, நான் அந்த ஊருக்கு வரலைன்னு சொல்லப் போறேன். அது வரைக்கும் நீங்க இங்கயே நில்லுங்க."

கதவு மூடியது. அவன் அங்கேயே நின்றான். நான் திரும்பி வந்து காரில் உட்கார்ந்தேன். செப்டம்பரில் எத்தனை சாயங்காலம் அந்த வேனை மறித்து, "போய்க் கேளுங்க" என்று சொல்லத் துடித்திருப்பேன்! என் நல்ல எண்ணத்தாலேயே இரண்டு பேர் வாழ்க்கையையும் அன்றைக்கே முடித்து வைத்திருப்பேன், அதுவும் அவர்களுக்கு நல்லது செய்ததாகப் பெருமைப்பட்டுக்கொண்டு. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதேன். டாக்டர் அம்மாள் பதறிப்போய், இந்தப் பக்கம் பிரேக் எது என்று தேட ஆரம்பித்தார்.