முப்பது நிமிடச் சூடு

"நெஞ்சுல ஏதாவது கோளாறு உண்டா மாமா?" கையில் படிவத்தோடு கேட்டான் மாப்பிள்ளையாக வரப்போகிறவன்.

"இல்ல," என்றார் நெட்டுக்குத்தார்.

குடிநீர் வாரியத்தில் முப்பத்து மூன்று வருடம் இருந்தவர், ஒரு நாள்கூட நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்ததில்லை. அதற்காக அலுவலகத்தில் வைத்த பெயர் அது. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். அவர் காதில் விழாமல் இல்லை. விழுந்ததில் வருத்தமும் இல்லை.

"பிரஷர், சுகர்? தினமும் சாப்பிடுற மாத்திரை? உடம்புல ஒட்டுற மருந்துப் பிளாஸ்திரி?"

அவருடைய மனைவி தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தாள். வைத்த சத்தம் சற்றுக் கூடுதலாகக் கேட்டது.

"எதுவும் இல்ல."

"போதும்டா," என்று பையனின் அப்பா குறுக்கே வந்தார். "வந்த மனுஷர்கிட்ட போலீஸ்காரன் மாதிரி. நம்ம ரெண்டு பேரையும் தூக்கி நிறுத்துற அளவுக்குத் திடமா இருக்காரு."

"எல்லார்கிட்டயும் கேக்கறதுதானேப்பா."

நெட்டுக்குத்தார் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு பொய்யின் கீழே அவர் போட்ட முதல் கையெழுத்து அது.

சட்டைக்குள், இடது மார்பில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு மருந்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. காலையில் மனைவிதான் ஒட்டிவிட்டாள். மருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தோல் வழியே இறங்கி ரத்தக் குழாய்களைத் தளர்த்தும். 'அந்த இடத்துல வெந்நீர் ஒத்தடம்கூடக் கூடாதும்மா. சூடு பட்டா மருந்து மளமளன்னு உள்ள இறங்கி பிரஷர் விழுந்துடும்' என்று டாக்டர் அவளிடம்தான் சொன்னார். அவரிடம் சொல்லிப் பயனில்லை என்று டாக்டருக்கும் தெரிந்திருந்தது.

அவருடைய அப்பா ஐம்பத்தெட்டில் போனார். அண்ணன் ஐம்பத்து நான்கில். இரண்டும் நெஞ்சு. மகளுக்கு வந்த இரண்டு வரன்கள் வாசல்வரை வந்து, காரணம் சொல்லாமல் திரும்பின. கடைசியில் தரகர்தான் வாய்தவறிச் சொன்னார்: "உங்க வம்சத்துக்கே நெஞ்சு பலம் இல்லைன்னு ஒரு பேச்சு இருக்குங்க." அன்றிலிருந்து தரகருக்கு அந்த வீட்டில் நாற்காலி போடவில்லை. மருந்தை மனைவி ஊரின் மறுகோடியிலுள்ள கடையில் வாங்கிவந்தாள். மகளுக்கு முப்பத்தொன்று ஆகிவிட்டது. இந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. நிச்சயம் முடியும்வரை வாய் திறக்கக் கூடாது என்று மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

தங்கள் தொழில் நடக்கும் இடத்தைப் பார்க்க வாருங்கள் என்றுதான் பையன் வீட்டார் கூப்பிட்டிருந்தார்கள். மேல் மாடியில் ஆறு அறைகள், அறைக்கொரு மரக் கேபின். இன்ஃப்ராரெட் சானா, அதாவது உடம்பை வியர்க்க வைக்கும் வெப்பக் குளியல். மூட்டுவலிக்காரர்களும் தூக்கம் வராதவர்களும் முன்கூட்டியே நேரம் சொல்லி வந்து போனார்கள்.

"இன்னொரு நாள் உக்காந்து பாக்கறேனே," என்று சொல்லிப் பார்த்தார்.

"ஏன், பயமா?" என்று சிரித்தார் பையனின் அப்பா. அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

மனைவி எழுந்து பின்னாலேயே வந்தாள். "ஏங்க, வாட்ச்சு, கண்ணாடி... உடம்புல இருக்கறதையெல்லாம் கழட்டிட்டுப் போங்க."

அவருக்குப் புரிந்தது. உடை மாற்றும் அறையில் ஒரு நொடி தனியாகக் கிடைத்தால் உரித்துக் கசக்கிப் பைக்குள் போட்டுவிடலாம். ஆனால் பையனின் அப்பா தோளில் கை போட்டு அழைத்துப் போனவர், கையை எடுத்தாரே தவிர முகத்தைத் திருப்பவில்லை. நெட்டுக்குத்தார் பனியனைக் கழற்றாமல், ஒரு துண்டை இடுப்பில் கட்டி, இன்னொன்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"கூச்சமா சம்பந்தி? நானும் ஆம்பளைதான்."

"பழக்கமில்ல."

கேபினுக்குள் புது மரத்தின் வாசனை. கண்ணாடிக் கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. கதவுக்கு மேலே சிவப்பு எண்கள் முப்பதிலிருந்து இறங்கத் தொடங்கின. ஆவி இல்லை, புகை இல்லை. முதுகுப் பக்கமிருந்தும் எதிரிலிருந்தும் வெயில் போல் ஏதோ ஒன்று வந்து தொட்டது.

"இது காத்தைச் சுடாது சம்பந்தி. ஆளைத்தான் சுடும்," என்றார் பையனின் அப்பா பெருமையாக.

முதல் ஐந்து நிமிடம் சுகமாகவே இருந்தது. பல வருடமாகக் கல்லாய் இறுகியிருந்த தோள்பட்டை இளகியது. பக்கத்தில் இருந்தவர் கண்களை மூடிக்கொண்டு பேசினார்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பக்கத்து ஆம்பளைங்களுக்கு நெஞ்சு சரியில்லைன்னு ஒருத்தன் என் காதுல போட்டான். நான் நம்பல. முப்பது நிமிஷம் முழுசா உக்காந்து எழுந்து வரட்டும், அதுக்கப்புறம் பேசுடான்னேன். நல்ல நெஞ்சு இல்லாதவன் இதுக்குள்ள தாக்குப்பிடிக்க மாட்டான், இல்லையா?"

நெட்டுக்குத்தார் எண்களைப் பார்த்தார். இருபத்துமூன்று.

"தாராளமா," என்றார்.

பத்தொன்பதில் பனியன் நனைந்து மார்போடு ஒட்டியது. ஈரத்துக்குள் அந்தப் பிளாஸ்திரியின் நான்கு விளிம்பும் தெரிந்துவிடுமோ என்று கழுத்துத் துண்டை இழுத்து மேலே போட்டுக்கொண்டார். துண்டுக்கடியில் அந்த இடம் மட்டும் தனியாகக் கொதித்தது. பதினேழில் நெற்றிப் பொட்டிரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. இதயம் படியேறுகிறவனுடையதைப் போல் அடித்துக்கொண்டது. ஆனால் கை விரல்கள் குளிர்ந்தன. இந்தச் சூட்டில் விரல் குளிர்வது நல்லதல்ல என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வெளியே பையன் கண்ணாடியைத் தட்டினான். "மாமா, தலை கிலை சுத்துதா? சுத்தினா உடனே வந்துடுங்க. இது ஒண்ணும் பரீட்சை இல்ல."

"அவருக்கென்னடா, ராஜா மாதிரி இருக்காரு," என்றார் அப்பா, கண் திறக்காமலே.

நெட்டுக்குத்தார் தலையசைத்தார். அசைத்த தலை திரும்பி நேராவதற்குள் கேபின் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. பையனின் தோளுக்குப் பின்னால் மனைவியின் முகம். அவள் பையனைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். ஒரே ஒரு வாக்கியம்தான். அவள் சொன்னால் பையன் கதவைப் பெயர்த்தாவது அவரை வெளியே கொண்டுவந்துவிடுவான். அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரு போன் வராது. தரகருக்குச் சொல்ல இன்னொரு கதை கிடைக்கும். மகள் ஒன்றும் கேட்கமாட்டாள், அதுதான் தாங்காது.

அவர் மனைவியைப் பார்த்த பார்வையில் அதெல்லாம் இருந்தது.

பதினான்கில் கதவு திறந்தது. திறந்தவள் அவள்தான். பையன் அடுத்த அறைக்காரரைப் பார்க்கப் போயிருந்தான். குளிர்ந்த காற்று காலில் பட்டது. அந்தக் காற்றை நோக்கி அவருடைய உடம்பு முழுவதும், அவரைக் கேட்காமலே, ஒரு அங்குலம் நகர்ந்தது.

"போதுங்க. எழுந்து வாங்க."

பையனின் அப்பா இப்போதுதான் கண்ணைத் திறந்தார். "என்ன தங்கச்சி, அவருக்கு ஏதாவது பண்ணுதா?" கேட்டது அவளிடம். பார்த்தது நெட்டுக்குத்தாரின் முகத்தை, கூர்ந்து.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிரித்தெடுக்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. கதவருகே நிற்பவளின் உருவம் ஓரங்களில் கறுத்துக்கொண்டே வந்தது.

"கதவைச் சாத்து," என்றார். "சூடெல்லாம் வெளிய போகுது."

அவள் கைப்பிடியை விடவில்லை. முப்பத்தைந்து வருடத்தில் அவர் சொன்னதைச் செய்ய அவள் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. அவர் இன்னொரு முறை சொல்ல வாயெடுத்தார், சொல் வரவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன.

கட்டளையாக அந்த உதட்டசைவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அவள் கதவைச் சாத்தினாள்.